விட்டுக்கொடுக்காத ஆட்டம்: ஒரு பள்ளியின் மாணவர் – ஆசிரியர் கூடைப்பந்துப் போட்டி

கோவையில் எங்கள் வட்டாரத்து மேல்நிலைப் பள்ளி ஒன்று, பொங்கல் விடுமுறை முடிந்த இரண்டொரு வாரத்தில், தன் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இடையே கூடைப்பந்துப் போட்டி ஒன்றை ஆண்டுதோறும் நடத்தி வருகிறது. பெற்றோர் மட்டுமல்லாமல் வெளியாரும் 50 ரூபாய்க்குக் கூப்பன் வாங்கிக்கொண்டு வரலாம். அந்தத் தொகை முழுவதும் விளையாட்டுத் துறைக்கே சேரும் என்று கூப்பனிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். காசு கொடுத்துப் பார்க்கும் எந்த நிகழ்ச்சியையும் போல இதையும் எடைபோட்டு எழுதுவது தகும். என் மகள் அங்கே ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். நான் கல்லூரி நாள்களில் மாவட்ட அளவில் ஆடியவன். இவ்விரண்டையும் சொல்லிவிட்டே என் முடிவைச் சொல்கிறேன்: குறைகள் பல உண்டு, அவற்றுள் சில உடனே சரிசெய்ய வேண்டியவை, ஆயினும் பள்ளி அளவில் நான் பார்த்த நிகழ்ச்சிகளுள் இதற்கே முதலிடம் கொடுப்பேன்.

காரணம் ஒன்றுதான். இந்த ஆட்டத்தில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. வேறு சில இடங்களில் இதே வகைப் போட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் முதல்வர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தே போய்க் கூடையில் போடுவார், மாணவர்கள் சுற்றி நின்று கைதட்டுவார்கள். அல்லது ஆசிரியர்கள் வேண்டுமென்றே தடுமாறி விழுந்து சிரிப்பு மூட்டுவார்கள். இரண்டுமே பிள்ளைகளை மதிக்காத செயல்கள் என்பது என் கருத்து. பதினேழு வயதுப் பிள்ளை ஆண்டு முழுவதும் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து பயிற்சிக்கு வந்திருக்கிறான் என்றால், அவனுக்கு எதிரே நிற்கும் பெரியவர் தம்மால் முடிந்த மட்டும் ஆடுவதுதான் அவனுக்குச் செய்யும் மரியாதை. இந்தப் பள்ளி அதைச் செய்கிறது.

போட்டியின் அமைப்பு எளிது. எட்டு நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகள். முதலாவது, மூன்றாவது, நான்காவது ஆகியவற்றில் ஆண் ஆசிரியர்களும் மாணவர்களும் ஆடுகிறார்கள். இரண்டாவதில் ஆசிரியைகளும் மாணவிகளும் ஆடுகிறார்கள். நான்கின் புள்ளிகளும் ஒன்றாகவே கூட்டப்படுகின்றன. ஆசிரியர் அணி என்று பெயரிருந்தாலும் அலுவலகப் பணியாளர்கள், ஆய்வக உதவியாளர், பேருந்து ஓட்டுநர் என எல்லாருக்கும் அதில் இடமுண்டு. இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. பள்ளியை நடத்துவது வகுப்பெடுப்பவர்கள் மட்டுமல்லர் என்பதைப் பிள்ளைகள் ஆடுகளத்திலேயே பார்க்கிறார்கள்.

நடுவர் விஷயத்தில் பள்ளி எடுத்திருக்கும் முடிவைத் தனியே பாராட்ட வேண்டும். உடற்கல்வி ஆசிரியர் தாமே விசில் ஊதாமல், போட்டிகளில் நடுவராக இருந்து பழகிய இருவரை வெளியிலிருந்து அழைத்து வந்திருந்தார். அதன் பயன் முதல் கால்பகுதியிலேயே தெரிந்தது. துணை முதல்வர் பந்தைப் பிடித்தபின் கூடுதலாக ஓரடி எடுத்து வைத்தார், விசில் ஒலித்தது, நடுவர் இரு கைகளையும் சுழற்றி டிராவல் என்று காட்டினார். களத்தைச் சுற்றி ஒரே ஆரவாரம். துணை முதல்வர் ஒரு சொல்லும் சொல்லாமல் பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டுத் தடுப்புக்குத் திரும்பி ஓடினார். மேடையில் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாலும் அந்தச் சில நொடிகள் கற்பித்ததைக் கற்பிக்க முடியாது.

ஆட்டத்தின் தரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் எதிர்பார்த்ததைவிட அது மேலாக இருந்தது. ஆசிரியர்கள் ஓட்டத்தில் மாணவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாது என்பதை உணர்ந்து, ஆளுக்கு ஆள் காக்கும் முறையைத் தொடக்கத்திலேயே கைவிட்டுவிட்டு, முன்னே இருவர், ரிங்குக்குக் கீழே மூவர் என்று, ஆளைப் பின்தொடராமல் அவரவர் இடத்தைக் காக்கும் 2–3 ஸோன் அமைத்து நின்றார்கள். வயதான அணிக்கு அதுவே அறிவுள்ள முடிவு: ஓட வேண்டிய தூரம் குறையும், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, அதாவது ரீபவுண்டுக்கு, உயரமானவர்கள் கூடைக்கு அருகிலேயே இருப்பார்கள், எதிரணி தொலைவிலிருந்து எறிய நேரிடும். மாணவர்களும் அந்த வலையில் விழுந்தார்கள். மூன்று புள்ளிக்குரிய 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எறிந்தார்கள். பெரும்பாலானவை ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பின. ஆய்வக உதவியாளரும் பொருளியல் ஆசிரியரும் அவற்றைப் பொறுமையாகப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

இடைவேளைக்குப் பிறகு மாணவர் தலைவன் செய்த மாற்றத்தை நான் வெகுவாக ரசித்தேன். 2–3 ஸோனில் இரண்டு இடங்கள் எப்போதும் திறந்திருக்கும்: எதிரணியின் தவறுக்காகத் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவுக்கான கோட்டின் நடுவே உள்ள இடம் ஒன்று, கடைக்கோட்டின் இரு மூலைகள் மற்றொன்று. அவன் உயரமான ஒரு பையனை ஃப்ரீ த்ரோ கோட்டில் நிறுத்தினான். பந்து அவனிடம் போனதும் கீழே இருந்த மூவருள் நடுவில் நின்றவர் மேலே ஏற வேண்டி வந்தது. ஏறிய மறுகணமே பந்து மூலைக்குப் போனது. அங்கிருந்து பந்தை ஒரே முறை தரையில் தட்டி, கூடைக்கு அருகே எழும்பிப் போடும் லே-அப். இதையே ஐந்தாறு முறை செய்தார்கள். எதிரணியின் அரணைக் கண்ணால் படித்து, ஓரிடத்தில் இழுத்து, மற்றோரிடத்தில் நுழையும் அந்தத் தெளிவு, பயிற்சியாளர் வெளியே நின்று கத்திச் சொல்லி வருவதன்று. அணியை வளர்த்த உடற்கல்வி ஆசிரியர் அப்போது ஸ்கோர் மேசைக்குப் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் ஆசிரியர் அணிக்கும் ஆடவில்லை, மாணவர்களுக்கும் குறிப்புச் சொல்லவில்லை.

மூன்றாம் கால்பகுதியின் இறுதியில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் கபடி ஆடியவர் என்று சொல்லப்படும் கணித ஆசிரியர், வேகமாக உள்ளே நுழைந்த மாணவனைத் தோளால் இடித்துவிட்டார். பையன் சிமெண்டில் சறுக்கி விழுந்தான். நடுவர் விசில் ஊதி முடிக்கும் முன்பே ஆசிரியர் தம் கையை உயர்த்தித் தவறு தம்முடையது என்று காட்டினார். பழைய பயிற்சியாளர்கள் கற்றுக்கொடுத்த வழக்கம் அது. பிறகு குனிந்து கைகொடுத்து, “அடி பட்டுருச்சா தம்பி?” என்று கேட்டார். “இல்லைங்க சார், ஆடலாங்க சார்” என்று எழுந்தவன் இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் போட்டான். அவற்றைத் தவறவிட வைக்க ஆசிரியர்கள் எந்தச் சத்தமும் செய்யவில்லை என்பதைக் கவனித்தேன்.

அந்த இடிப்பைப் பார்த்தபோது எனக்கு இந்த விளையாட்டின் பிறப்பே நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நைஸ்மித், 1891 டிசம்பரில், பனிக்காலத்தில் உள்ளரங்கில் ஆடத்தக்க விளையாட்டு ஒன்றை 13 விதிகளோடு உருவாக்கினார். உடற்பயிற்சிக்கூடத்தின் மாடக் கைப்பிடியில் பீச் பழக்கூடைகள் இரண்டை ஆணியடித்து மாட்டினார்கள். அந்த மாடம் பத்தடி உயரத்தில் இருந்ததால்தான் இன்றும் ரிங் 3.05 மீட்டரில் நிற்கிறது. சில மாதங்கள் கழித்து, 1892 மார்ச் 11 அன்று, பொதுமக்கள் முன்னிலையில் முதன்முதலாக ஓர் ஆட்டம் நடந்தது. ஆடியவர்கள் அந்தப் பள்ளியின் மாணவர்களும் ஆசிரியர்களும். ஏறத்தாழ 200 பேர் பார்த்திருக்க, மாணவர்கள் 5–1 என்று வென்றார்கள். ஆசிரியர்களின் அந்த ஒரே புள்ளியை எடுத்தவர், பின்னாளில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராகப் பெரும்புகழ் பெற்ற அமோஸ் அலான்சோ ஸ்டாக். கால்பந்தில் ஊறிய உடம்பு என்பதால் அவர் எதிராளிகளைத் தள்ளித் தள்ளித் தவறிழைத்துக்கொண்டே இருந்ததாக அந்நாளைய செய்தித்தாள் குறித்திருக்கிறது. கணித ஆசிரியர் தனியாள் இல்லை.

அந்த ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரான தொடர்பும் உண்டு. அங்கே படித்துவிட்டு இந்தியா வந்த ஹாரி க்ரோ பக், 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். இன்று நந்தனத்தில் இருக்கும் அக்கல்லூரியில் பயின்றவர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் விசிலும் பந்துமாக நின்றிருக்கிறார்கள்; இந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரும் அங்கே படித்தவரே. பி.எஸ்.ஜி. கோப்பைக்காக நாட்டின் பல மூலைகளிலிருந்து அணிகள் வந்து ஆடும் கோவையில் கூடைப்பந்துக்கு ரசிகர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆகவே இந்தப் பள்ளி நடத்துவது வெறும் பொழுதுபோக்கு நிகழ்ச்சி அன்று, விளையாட்டின் முதல் பொது ஆட்டத்தின் வடிவத்தை அப்படியே தொடரும் ஒன்று. அழைப்பிதழில் இதை இரண்டு வரியில் அச்சிட்டால் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும் மாணவிகளின் பங்கு. நான்கு கால்பகுதிகளில் ஒன்றே ஒன்றுதான் அவர்களுக்கு. அதுவும் ஆண்கள் ஆடும் 7-ஆம் எண் பந்தில். பெண்கள் ஆட்டத்துக்கு உரியது 6-ஆம் எண் பந்து. சுற்றளவில் 7-ஆம் எண் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர், 6-ஆம் எண் ஏறத்தாழ 72; எடையில் 50 கிராமுக்கு மேல் வேறுபாடு உண்டு. கையில் பிடித்துப் பார்த்தால் சிறிய வித்தியாசம்போலத் தோன்றும். ஆனால் ஒரு கையால் பாஸ் கொடுக்கும்போதும், ஓட்டத்தில் பந்தை உயர்த்தும்போதும் ஆட்டத்தையே மாற்றிவிடும் வித்தியாசம் அது. பள்ளி அணியின் மாணவிகள் ஆண்டு முழுவதும் 6-ஆம் எண்ணில் பயிற்சி செய்பவர்கள். ஊரே பார்க்க ஆடும் எட்டு நிமிடங்களில் அவர்கள் கைக்குப் பழகாத பந்தைக் கொடுத்தால், எறிகள் குட்டையாக விழுவதைப் பார்த்துப் பின்வரிசையில் யாராவது சிரிப்பார்கள், சிரித்தார்கள். சென்னையிலிருந்து புறப்பட்டு இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ விருதுக்கு அறிவிக்கப்பட்ட அனிதா பால்துரை பிறந்த மாநிலம் இது. மாணவிகளுக்கு இரண்டு கால்பகுதிகளும், அவர்களுக்குரிய பந்தும் கொடுக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. அந்தப் பந்து விளையாட்டு அறையிலேயே இருக்கிறது.

பந்தைப் பற்றி இன்னொன்று. போட்டிக்கென்று புதிதாக வாங்கியது உள்ளரங்குக்கு ஏற்ற, தோல் போன்ற மேலுறை கொண்ட பந்து. மரத்தரையில் அது அருமையாகப் பிடிபடும். சொரசொரப்பான சிமெண்ட் தரையில் புழுதி படிந்து இரண்டாம் கால்பகுதிக்குள் வழுக்கத் தொடங்கியது, மூன்றாவதில் மேலுறையில் கீறல்கள் விழுந்திருந்தன. திறந்தவெளி ஆடுகளத்துக்கு நல்ல ரப்பர் பந்து போதும். விலையும் குறைவு, உழைப்பும் அதிகம். காற்றும் சரியாக இல்லை. பந்தின் அடிப்பாகம் 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பிடித்து விட்டால், எழும்போது அதன் மேற்பகுதி 1.2 முதல் 1.4 மீட்டர் வரை வர வேண்டும் என்பது நெடுங்காலமாக வழங்கிவந்த அளவு. சராசரி உயரமுள்ள ஒருவர் தலைக்கு மேலிருந்து பந்தை விட்டால் அது ஏறத்தாழ மார்பு வரை எழும்ப வேண்டும். இங்கே இடுப்பளவோடு நின்றது. ஆட்டம் தொடங்குமுன் ஒரு முறை செய்து பார்த்திருக்கலாம்.

பாதுகாப்பில் காட்டிய அலட்சியத்தை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. போர்டைத் தாங்கும் இரும்புத் தூண்களுக்கு மெத்தை உறை இல்லை. லே-அப் போட்டுவிட்டு வேகத்தை அடக்க முடியாமல் போன ஒரு மாணவன் தூணைக் கையால் தாங்கித் தப்பித்தான். எல்லைக் கோட்டுக்கு வெளியே இரண்டு மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே சிறுவர்கள் கோட்டின் மேலேயே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒரு தடவை பந்தைத் துரத்திய இயற்பியல் ஆசிரியர் அவர்களைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருந்தது. ஆசிரியர்கள் உடலைச் சூடாக்கிக்கொள்ள ஐந்து நிமிடம்கூடச் செலவிடவில்லை. நாற்பதைக் கடந்து, ஆண்டில் ஒரு நாள் மட்டும் சட்டென்று ஓடிக் குதிப்பவர்களுக்குக் கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் கிழிவது அரிதன்று. நான்காம் கால்பகுதியில் தமிழாசிரியர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். களத்தருகே பனிக்கட்டிப் பையும் முதலுதவிப் பெட்டியும் தயாராக இருந்தன, அந்த மட்டில் நிம்மதி. போட்டிக்கு முந்தைய இரண்டு வாரமாவது ஆசிரியர்கள் மாலையில் அரை மணி நேரம் ஓடிப் பழகட்டும்.

ஆட்ட நேரத்தைக் கணக்கிடும் முறையிலும் திருத்தம் வேண்டும். விசில் ஒலித்தாலும் கடிகாரம் நிற்காமல் ஓடியது. பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் முதல் மூன்று கால்பகுதிகளுக்கு அதை ஏற்கலாம். நான்காவதன் கடைசி இரண்டு நிமிடங்களில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். பந்து கைக்கு வந்த அணி குறித்த நொடிகளுக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்று கணக்கிடும் ஷாட் கிளாக்கும் இல்லை. மூன்று புள்ளி முன்னிலையில் இருந்தபோது ஆசிரியர்கள் பந்தைத் தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றி ஒரு நிமிடத்துக்கு மேல் கடத்தினார்கள். அது விதிமீறல் அன்று, கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஆட்டத்தைக் கொன்றுவிடும். 1950-இல் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டி ஒன்றில் ஃபோர்ட் வேன் அணி இப்படியே பந்தைப் பிடித்து வைத்து மினியாபொலிஸ் அணியை 19–18 என்று வென்றது. அத்தகைய ஆட்டங்களால் சலிப்புற்றுத்தான் 1954-இல் அங்கே 24 நொடி விதியைக் கொண்டுவந்தார்கள். மின்னணுப் பலகை வாங்க வேண்டியதில்லை. ஸ்டாப் வாட்சோடு ஒரு மாணவியை உட்கார வைத்து, கடைசி ஐந்து நொடிகளை உரக்க எண்ணச் சொன்னாலே போதும்.

ஒலிபெருக்கி வர்ணனை எனக்குப் பிடிக்கவில்லை. புள்ளிகளையும் ஃபவுல்களையும் பிழையின்றிச் சொன்ன மாணவி நன்றாகவே பேசினாள். ஆனால் அவளோடு அமர்ந்திருந்த முன்னாள் மாணவர் ஒருவர், ஆசிரியர்களின் தொப்பையையும் ஆசிரியைகள் ஓடும் விதத்தையும் பற்றி விடாமல் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். சுரிதார் துப்பட்டாவைக் குறுக்கே இழுத்துக் கட்டிக்கொண்டு, முப்பது ஆண்டுகளாகப் பந்தைத் தொடாத கையோடு களமிறங்கிய வேதியியல் மிஸ், இரண்டு ரீபவுண்டுகளை மாணவிகளின் கைக்கு மேலிருந்து பறித்தார். அவரைப் பற்றிப் பேச அந்த ஆட்டமே போதுமானதாக இருந்தது.

கடைசிச் சில நிமிடங்களில் மாணவர்கள் முந்தினார்கள், 43–40 என்று முடிந்தது. வெயிலுக்கும் அதில் பங்குண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். திறந்தவெளி ஆடுகளத்தின் நீளம் வடக்கு–தெற்காக இருப்பதே நல்லது. இங்கே இடவசதி கருதிக் கிழக்கு–மேற்காக அமைத்துவிட்டார்கள். நான்கு மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தின் பிற்பாதியில் மேற்குக் கூடையை நோக்கி எறிய வேண்டிய அணி, தாழ்ந்து வந்த சூரியனைப் பார்த்தே எறிந்தது. ஆசிரியர்கள்தாம் அந்த அணி. ஆடுகளத்தைத் திருப்ப முடியாது, காலை ஏழரை மணிக்கு நடத்தினாலும் கிழக்கே இதே தொல்லைதான். ஆகவே மேற்கு போர்டுக்குப் பின்னால் உயரமாக ஒரு பச்சை வலைத்துணி கட்டுவது ஒன்றே வழி.

மற்ற ஏற்பாடுகளில் குறை சொல்ல அதிகமில்லை. கூப்பனைக் காட்டினால் ஒரு தொன்னை சுண்டலும் ஒரு டம்ளர் மோரும் கிடைக்கின்றன. சுண்டலில் தேங்காயும் மாங்காயும் தாராளமாகப் போட்டிருந்தார்கள். பெற்றோர் சங்கத்தார் தாங்களே வீட்டில் செய்துகொண்டு வந்தது என்று அறிந்தேன். குடிநீர் போதுமான அளவு இருந்தது. இருசக்கர வாகனங்களுக்குப் பின்வாசலில் இடம் விட்டிருந்தார்கள். கார்களுக்கு இல்லை, பேருந்தில் வருவதே நல்லது.

போக விரும்புவோருக்கு: நாள் முன்கூட்டியே பள்ளி வாசல் பலகையில் எழுதப்படும், கூப்பன் அலுவலகத்திலும் அன்று வாசலிலும் கிடைக்கும். மூன்றரை மணிக்குள் போய்த் தெற்குப் பக்கப் படிக்கட்டில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். தை மாதத்து வெயில் அங்கே முதுகுப் பக்கம்தான் விழும், இரண்டு கூடைகளும் தெளிவாகத் தெரியும். சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வோர் தூண்களுக்குப் பின்னாலும் எல்லைக் கோட்டை ஒட்டியும் உட்கார வேண்டாம். இரண்டாம் கால்பகுதியைத் தவறவிட வேண்டாம். பலர் மோர் வாங்க எழுந்து போவது அப்போதுதான், அந்த வரிசை இடைவேளையிலும் இருக்கும்.

(ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். மாணவிகளுக்கு இரண்டு கால்பகுதிகளும் தூண்களுக்கு உறையும் வந்துவிட்டால் ஐந்தாவதையும் மனமாரக் கொடுப்பேன்.)